15.68-இலிருந்து 14.46: ஒரு ஃபாக்ஸ் மஸ்டாங்கின் இரண்டு இரவுகள்

வீட்டுக்கும் வேலைக்கும் ஓடும் காரை வார இறுதியில் டிராக் ஸ்ட்ரிப் என்ற கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நேரம் சரியாக வரவில்லை என்றதும் பாகம் வாங்கப் போய்விடுகிறார்கள். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதை டிராக்கிலேயே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்பது பலருக்கு உறைப்பதில்லை. கால் மைல் ஓடி முடித்து, திரும்பும் வழியில் கூண்டிலிருந்து வாங்கும் அந்தச் சின்னச் சீட்டுதான் முதல் மெக்கானிக். ஒரு காரை எடுத்துக்கொண்டு, சீட்டைப் படித்தே கோளாறுகளை ஒவ்வொன்றாகக் கழிப்பது எப்படி என்று இந்த ஆய்வு காட்டுகிறது.

எடுத்துக்கொண்ட கார் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி செய்த ஃபாக்ஸ் மஸ்டாங் 5.0. 1979 முதல் 1993 வரை வந்த வடிவம் இது. அமெரிக்க அமெச்சூர் டிராக்குகளில் இதைப்போல் அடிவாங்கி உழைத்த கார் குறைவு. இங்கே பேசுவது 1989 மாடல் எல்.எக்ஸ். மேனுவல் கார், காற்றளவு சென்சார் உள்ள வகை. கோளாறுகள் எல்லாம் இந்த ரகத்தில் திரும்பத் திரும்ப வருபவை. சீட்டு எண்கள் கணக்கை விளக்க எடுத்துக்கொண்டவை. இந்தக் கார் இந்தக் கோளாறுகளோடு ஓடினால் ஏறத்தாழ இப்படித்தான் வரும்.

கார் வந்த நிலை

5.0 என்று எழுதியிருந்தாலும் இன்ஜின் 302 கன அங்குலம், 4.9 லிட்டர். கம்பெனி சொன்ன சக்தி 225 குதிரைத்திறன், 4,200 ஆர்.பி.எம்.மில். முறுக்குவிசை 300 பவுண்டு-அடி, 3,000-ஐ ஒட்டி. கியர்பாக்ஸ் ஐந்து கியர் டி-5. முதல் கியர் 3.35, இரண்டாவது 1.93, மூன்றாவது 1.29, நான்காவது நேராக 1.00. பின் ஆக்சில் 8.8 அங்குலம், கிரவுன் பினியன் விகிதம் 3.08, உள்ளே டிராக்ஷன்-லாக், அதாவது ஒரு பின் சக்கரம் மட்டும் சுற்றாமல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் அமைப்பு. டயர் 225/60 ஆர்15, சாதாரண ரோட்டு டயர், உயரம் சுமார் 25.5 அங்குலம். டிரைவர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து எடை 3,350 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம்.

ஓடுவதற்கு முன்பே இந்தக் கார் என்ன ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, கனமூலம் எடுத்து, 5.825-ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம். குதிரைத்திறனை எடையால் வகுத்து, கனமூலம் எடுத்து, 234-ஆல் பெருக்கினால் முடிவுக் கோட்டு வேகம், மணிக்கு மைலில். நம் காருக்கு 14.33 நொடியும் 95 மைலும் வருகிறது. இந்த நேரம், எல்லாம் சரியாக அமைந்து, டயரும் நன்றாகப் பிடித்தால் வருவது. ரோட்டு டயரில் அதற்கு ஒன்றிரண்டு பத்தில் பின்தங்குவது இயல்பு. வேகம் அப்படியல்ல. புறப்படும்போது டயர் சுற்றினாலும் கடைசி வேகம் பெரிதாக மாறாது. அதனால் சீட்டில் கடைசி வேகத்தைப் பார்த்தால் இன்ஜின் தெரியும். முதல் 60 அடி நேரத்தைப் பார்த்தால் டயரும் பின் ஆக்சிலும் தெரியும். நடுவில் இருக்கும் 330, 660, 1,000 அடி நேரங்களில் கிளட்சும் கியரும் தெரியும்.

ரியாக்ஷன் நேரம் என்று முதல் வரியில் இருப்பதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பச்சை விளக்கு எரிந்தும் நீங்கள் அரை நொடி தூங்கினால் எதிராளியிடம் தோற்பீர்கள். ஆனால் காரின் கால் மைல் நேரம் மாறாது. கடிகாரம் கார் நகர்ந்து ஒளிக்கற்றையை விட்டு விலகிய பிறகே ஓடத் தொடங்கும். காரைச் சோதிக்கப் போகும் இரவில் விளக்கைத் துரத்த வேண்டாம். கார் கோட்டுக்கு வந்ததைக் காட்டும் இரண்டு ஸ்டேஜ் பல்புகளில் இரண்டாவது எரிந்ததும் அங்கேயே நிறுத்துங்கள், ஓர் அங்குலம்கூட முன்னே தள்ள வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே இடத்தில் நின்றால்தான் 60 அடி நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

வாசலில் நடக்கும் சோதனை

டிராக்குக்குள் விடும் முன் காரைப் பார்ப்பார்கள். 1951-இல் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற அமெரிக்க டிராக் பந்தய அமைப்பின் விதிகளைத்தான் பெரும்பாலான டிராக்குகள் பின்பற்றுகின்றன. பேட்டரி இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். வீல் கப் கழற்றியிருக்க வேண்டும். எந்த இடத்திலும் எண்ணெயோ தண்ணீரோ ஒழுகக் கூடாது. ரேடியேட்டரிலிருந்து பொங்குவதைப் பிடிக்க அரை லிட்டர் அளவாவது உள்ள டப்பா வேண்டும். முழு பேன்ட், மூடிய ஷூ, சீட் பெல்ட். 13.99 நொடியோ அதற்கும் வேகமோ என்றால் ஹெல்மெட் கட்டாயம். நம் கார் அதைவிட மெதுவானதுதான் என்றாலும் ஹெல்மெட் போட்டே ஓட்ட வேண்டும் என்பது எங்கள் கருத்து. 95 மைல் என்பது 150 கிலோமீட்டருக்கும் மேல்.

வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சு வைத்து 85-இலிருந்து 105 பவுண்டு-அடிக்குள் இறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் மறுபடி பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் பிட்டில் இறக்கிவிடுங்கள். டிரைவர் காலடி மிதியடியையும் எடுத்துவிடுங்கள். அது சுருண்டு ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் போனால் பெடல் முழுசாக இறங்காது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை அடிவரை மிதிக்க, இன்னொருவர் பானெட்டுக்குள் திராட்டில் தட்டு முழுசாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. கேபிள் தளர்ந்து முக்கால்வாசியே திறந்த கார்களுக்குப் புது பம்பு, புது இன்ஜெக்டர் மாட்டிய கதைகள் ஏராளம்.

முதல் சீட்டு: 15.68, 90 மைல்

60 அடி 2.45. 660 அடி 10.05. கால் மைல் 15.68, வேகம் 90.0.

60 அடி மோசம்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வேகம். 95 வர வேண்டிய கார் 90-இல் நிற்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால் (90-ஐ 234-ஆல் வகுத்து, கனம் எடுத்து, 3,350-ஆல் பெருக்க) 190 குதிரைத்திறன். 35 குதிரை காணவில்லை. டயர் எவ்வளவு சுற்றினாலும் இந்த இடைவெளி வராது. இன்ஜின் பக்கம்தான் போக வேண்டும்.

ஒரு சிலிண்டரே செத்திருந்தால் கிட்டத்தட்ட இந்த அளவு போகும். ஆனால் அப்போது ஐடிலிலேயே கார் உதறும். நம் கார் ஐடிலில் சீராக நிற்கிறது. உயர் ஆர்.பி.எம்.மில் தும்மவில்லை, இழுவையில் வெட்டவில்லை, மந்தமாக மட்டும் இருக்கிறது. வெப்ப முள் வழக்கத்தைவிட ஒரு கோடு மேலே. மந்தமும் சூடும் சேர்ந்து வந்தால் முதலில் டைமிங் விளக்கை, அதாவது பிளக்கில் பொறி எப்போது விழுகிறது என்று காட்டும் விளக்கை, கையில் எடுக்க வேண்டும்.

இந்த இன்ஜினில் அடிப்படை டைமிங் 10 டிகிரி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர அவ்வளவு இருக்கும்போதே பொறி விழ வேண்டும். அதைப் பார்க்க டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து வயரில் இருக்கும் ஸ்பவுட் என்ற சின்னப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் டைமிங்கை முன்னேற்றுவதை நிறுத்திவிடும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 10-இல் வைத்துவிட்டு, பிளக்கைத் திரும்பச் செருக வேண்டும். பலர் அந்தக் கடைசி வேலையை மறந்துவிடுகிறார்கள்.

விளக்கை முன் புல்லியில் அடித்தபடி இன்ஜினை 2,500 வரை ரேஸ் பண்ணுங்கள். கோடு ஓடிப்போய் இருபதைத் தாண்ட வேண்டும். நம் காரில் கோடு 10-இலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்பவுட் செருகும் இடம் காலி. பிளக் பேட்டரித் தட்டின் மூலையில் தூசியோடு கிடக்கிறது. அதைத் துடைத்துச் செருகி மறுபடி ரேஸ் பண்ணினால் கோடு உடனே நகர்கிறது. கலவை எரிய நேரம் இல்லாமல் பாதி சைலன்சருக்குள் எரிந்துகொண்டிருந்ததால்தான் சூடும் ஏறியது.

இதில் ஒரு பொறி உண்டு. முன் புல்லி இரண்டு துண்டு. நடுவே ரப்பர் வளையம். வயதானால் வெளி வளையம் ரப்பரில் வழுக்கிச் சுற்றிவிடும், கோடு பொய் சொல்லும். முப்பது வயதுக் காரில் கோட்டை நம்பும் முன், 1-ஆவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் ஸ்டாப் போட்டு, கையால் இருபக்கமும் திருப்பி நடுப்புள்ளி கண்டுபிடித்து, அது பூஜ்யத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆறு டிகிரி தள்ளிய புல்லியை வைத்து டைமிங் வைத்தால் நாக்கிங்கில் பிஸ்டன் போகும்.

இன்னொன்று பிளக் வயர் வரிசை. எரியும் வரிசை 1-3-7-2-6-5-4-8. ஆறும் ஐந்தும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன, அடுத்தடுத்து எரிகின்றன. அந்த இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று ஒட்டி இணையாக ஓடினால் ஆறு எரியும்போது ஐந்திலும் பொறி தூண்டப்படும். கிளிப் போட்டுப் பிரித்து வையுங்கள், குறுக்கே கடக்க வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

பெட்ரோல் அழுத்தமும் பார்த்துவிட வேண்டும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரெயிலில் வால்வு இருக்கிறது. கேஜ் மாட்டி, ரெகுலேட்டரின் வேக்யூம் குழாயைக் கழற்றினால் 39 பி.எஸ்.ஐ. நிற்க வேண்டும். நம் காரில் நிற்கிறது. நிற்காவிட்டால் முதலில் ஃபில்டர், பிறகு பம்பு வயரின் எர்த், கடைசியில்தான் பம்பு.

இரண்டாம் சீட்டு: 15.00, 94.3 மைல். 60 அடி 2.44, 660 அடி 9.66. ஒரு பிளக்கைச் செருகியதில் முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்துவிட்டது. 60 அடி அசையவில்லை என்பதையும் பாருங்கள். அதுவே இரண்டும் வேறு வேறு கோளாறு என்பதற்குச் சாட்சி.

புறப்பாடு

60 அடியில் குறைக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு நொடிக்கும் கால் மைல் முடிவில் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை திரும்பி வரும். ரோட்டு டயரில் இந்தக் காருக்கு 2.1 நல்ல எண். 2.44 என்பது நின்ற இடத்தில் டயர் தேய்வது.

கோட்டுக்குப் பின்னால், டயரை நனைத்துச் சுற்றுவதற்காகத் தண்ணீர் விட்டிருக்கும் இடம்தான் தண்ணீர்ப் பெட்டி. அதைச் சுற்றிக்கொண்டு போங்கள். பள்ளம் உள்ள ரோட்டு டயர் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து கோட்டில் கொட்டும்; உங்களுக்கும் கெடுதல், அடுத்து வருபவருக்கும் கெடுதல். தாண்டிப் போய் இரண்டாம் கியரில் ஒரு நொடி சுற்றி, ஒட்டிய கல்லையும் தூசியையும் உதறினால் போதும். புகை கிளப்பச் சூடேற்றினால் ரோட்டு ரப்பர் எண்ணெய் கக்கி வழுக்கும். டிராக் ஓடவென்றே செய்த டிராக் ரேடியல் டயருக்குத்தான் அந்த வைத்தியம்.

பின் டயர் காற்றை 32-இலிருந்து 26 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். ஒரேயடியாக 18-க்குப் போக வேண்டாம். ரோட்டு டயரின் பக்கச்சுவர் விறைப்பானது, நடுப்பகுதி உள்வாங்கி ஓரங்கள் மட்டும் தரையில் நிற்கும், முடிவுக் கோட்டில் வால் ஆடும். முன் டயரில் 40. கிளட்சை 2,000 ஆர்.பி.எம்.மில் விடத் தொடங்கி, முதல் ஒரு கார் நீளத்துக்குக் காலால் அளந்து விடுங்கள். 4,000-இல் காலை எடுத்தால் படம்தான் நன்றாக இருக்கும்.

கியர் மாற்றுவது 5,200-இல். ஆறாயிரம் வரை மீட்டரில் கோடு இருக்கிறது என்பதற்காக இழுக்காதீர்கள். கம்பெனி இன்டேக்கின் நீண்ட குழாய்கள் கீழ் ஆர்.பி.எம்.முக்காகச் செய்தவை, 5,000 தாண்டினால் சத்தம் மட்டும் ஏறும். 5,200-இல் மாற்றினால் இரண்டாவது 3,000-இல் பிடிக்கும், அதாவது முறுக்குவிசையின் உச்சியில். 3.08 கிரவுனோடு முதல் கியர் 38 மைல், இரண்டாவது 66 மைல் வரை வரும். மூன்றாவதிலேயே 95-இல் கோட்டைக் கடக்கும்போது இன்ஜின் 5,000-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். மூன்றாவதிலிருந்து நாலாவதற்கு மாற்றும் நேரம் மிச்சம். 3.73 போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டால் 82 மைலில் நாலாவது கேட்கும். வழுக்கும் ரோட்டு டயரில், இந்தச் சக்தியில், 3.08 தப்பான விகிதம் இல்லை.

மூன்றாம் சீட்டு: 60 அடி 2.31, கால் மைல் 14.80, 94.4 மைல். காற்றும் காலும் சேர்ந்து கொடுத்தது அவ்வளவுதான். இதற்கு மேல் ஏன் வரவில்லை என்பதற்குக் கோட்டில் போய்க் கீழே பார்த்தால் பதில். வலது டயர் மட்டும் கறுப்புக் கோடு இழுத்திருக்கிறது, இடது சுத்தம். அந்தக் கோடும் தொடர்ச்சியாக இல்லை, புள்ளி புள்ளியாக விட்டு விட்டு இருக்கிறது. ஒற்றைக் கோடு என்றால் டிராக்ஷன்-லாக் பிடிக்கவில்லை. புள்ளிக் கோடு என்றால் ஆக்சில் துள்ளுகிறது. இரண்டு கோளாறும் பட்டறை வேலை, டிராக்கில் முடியாது. குறித்து வைத்துக்கொண்டு அடுத்த ஓட்டம்.

சூட்டில் செத்த நான்காம் ஓட்டம்

60 அடி 2.30, 660 அடி 9.50, வேகம் 75. அதுவரை மூன்றாம் ஓட்டத்தைவிடக் கொஞ்சம் நன்றாகவே வந்தது. கால் மைல் 15.09, வேகம் 77. பின் பாதியின் நடுவில் இன்ஜின் செத்து, மிச்சத் தூரம் கார் உருண்டு வந்திருக்கிறது. கோடு தாண்டிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்து, இருபத்தைந்து நிமிடம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறது.

திடீரென்று செத்த ஃபாக்ஸில் மூன்று சந்தேகம். ஒன்று, டிக்கியில் உள்ள அதிர்ச்சி சுவிட்ச். மோதினால் பம்பை நிறுத்த வைத்தது. பலமான துள்ளலிலும் விழுந்துவிடும். மேலே உள்ள பட்டனை அழுத்தினால் சரி. இரண்டு, பம்பு. சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி பின்னாலிருந்து ரீங்காரம் கேட்க வேண்டும், கேட்கிறது. மூன்று, இக்னிஷன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது டாக்கோமீட்டர் முள்ளைக் கவனியுங்கள். கொஞ்சமாவது துடித்தால் காயிலுக்கு ஆணை போகிறது. பூஜ்யத்தில் செத்துக் கிடந்தால், ஆணை கொடுக்கும் டி.எஃப்.ஐ. மாட்யூலோ அதற்குத் தகவல் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் சென்சாரோ போயிருக்கிறது. நம் காரில் சூட்டில் முள் அசையவில்லை, ஆறியதும் அசைகிறது.

டி.எஃப்.ஐ. மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலேயே திருகி வைத்திருக்கிறார்கள். இன்ஜின் சூடு நேராக அதற்குள் போகும். மாட்யூலின் முதுகில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் பூசித்தான் மாட்ட வேண்டும். பழையதைக் கழற்றினால் அந்தப் பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்து உதிர்வதைப் பார்க்கலாம். இரண்டே திருகுதான், ஆனால் குழிக்குள் இருப்பதால் மெல்லிய சுவர் உள்ள 5.5 மில்லிமீட்டர் சாக்கெட் இல்லாமல் கைவைக்க முடியாது. அந்தச் சாக்கெட்டும் ஒரு மாற்று மாட்யூலும் பேஸ்ட் டியூபும் பெட்டியில் இருக்கட்டும்; இல்லையென்றால் அந்த இரவு அத்தோடு முடிந்தது. பேஸ்டை மெல்லிசாக, முழுப் பரப்பிலும் பூசுங்கள். கழற்றும் முன் பேட்டரி எர்த்தைப் பிரித்துவிடுங்கள்.

ஓட்டங்களுக்கு இடையே வரிசையில் இன்ஜினை ஓடவிட்டு ஊர்ந்து போகாதீர்கள். பானெட்டைத் திறந்துவைத்து, காரைக் கையால் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்கள்தான் ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரே வெப்பத்தில் தொடங்குகிறார்கள், அவர்களுடைய சீட்டுகளைத்தான் ஒப்பிட முடியும்.

நடுவே பட்டறை

முதலில் டிராக்ஷன்-லாக் உண்மையிலேயே தேய்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, தூக்கிய சக்கரத்தை டார்க் ரெஞ்சால் திருப்புங்கள். நகரத் தொடங்க 20 பவுண்டு-அடியாவது கேட்க வேண்டும். கையாலேயே சுற்றினால் உள்ளே உராய்வுத் தட்டுகள் வழுவழுத்துவிட்டன.

பின் மூடியைத் திறந்து எண்ணெயை வடித்ததும், டிஃபரன்ஷியலின் குறுக்கு ஊசியைப் பிடித்திருக்கும் பூட்டு போல்ட்டைத் தொடும் முன் ஒரு கணம் நில்லுங்கள். எட்டு ஆண்டோ முப்பது ஆண்டோ சூட்டில் கிடந்த அந்த மெல்லிய போல்ட் தலை முறிவதற்குப் பேர்போனது. முறிந்தால் அரைநாள் வேலை. ஆறு முனைச் சாக்கெட் மட்டுமே போட்டு, மெதுவாக, சூடு காட்டி. திரும்ப மாட்டும்போது புது போல்ட், திரெட் லாக் பசையோடு. ஊசி வந்ததும் ஆக்சிலை உள்ளே தள்ளினால் முனையில் உள்ள சி-கிளிப் விழும்; ஆக்சிலை உருவிக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் எஸ் வடிவ ஸ்பிரிங்கை அடித்து வெளியேற்றும்போது எதிரே முகத்தை வைக்காதீர்கள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

புது உராய்வுத் தட்டுகளை மாட்டும் முன் உராய்வு மாற்றித் திரவத்தில் ஊறவையுங்கள். உராய்வுத் தட்டும் இரும்புத் தட்டும் பழைய வரிசை மாறாமல் இருக்கட்டும். கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சுமார் 1.8 லிட்டர், அதோடு உராய்வு மாற்றி 4 அவுன்ஸ், அதாவது 118 மில்லி. அதை ஊற்ற மறந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் கடகடவென்று தட்டும், தட்டுகளும் சீக்கிரம் போகும்.

துள்ளலுக்கு, ஆக்சிலைப் பாடியோடு பிணைக்கும் மேல் கை, கீழ்க் கைகளின் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். கம்பெனி ரப்பர் மெத்தென்றது. இழுவையில் ஆக்சில் முறுக்கிக்கொண்டு, டயர் விட்டதும் திரும்பி அடித்து, மறுபடி பிடித்து... அந்தப் புள்ளிக் கோடு அப்படி விழுவதுதான். ஆக்சிலுக்குப் பக்கவாட்டில் படுத்திருக்கும் இரண்டு கூடுதல் ஷாக்குகள் இந்தத் துள்ளலைத் தணிக்கத்தான். ஒழுகினால் மாற்றுங்கள், கழற்றி எறிய வேண்டாம். கை மாட்டும் இடத்தில் பாடியின் தகடு, வெல்டிங் ஓரம், கிழிந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கிழிந்த தகட்டோடு புதுக் கை மாட்டினால் கிழிசல் இன்னும் சீக்கிரம் ஓடும். நம் காரில் தகடு நன்றாக இருக்கிறது. பெட்டி போல் மூடிய கீழ்க் கைகள் இரண்டு போட்டாயிற்று. வலது பின் ஸ்பிரிங்குக்குள் ஒரு காற்றுப் பை. புறப்படும்போது புரொப்பெல்லர் ஷாஃப்டின் முறுக்கு வலது டயரின் பாரத்தைத் தூக்கிவிடும். அந்தப் பையில் சில பி.எஸ்.ஐ. காற்று அடித்தால் பாரம் திரும்ப உட்காரும். வலது டயர் மட்டும் சுற்றியதில் இதற்கும் பங்கு இருந்தது.

இரண்டாம் இரவு

குளிர்ந்த காற்று. அதனால் வரும் கூடுதலை முதலிலேயே கழித்துவிட வேண்டும். காற்று அடர்ந்தால் இன்ஜினுக்குக் கூடுதல் ஆக்ஸிஜன். ஒரு மைல் வேகம் வரை சும்மா வரும். உயரம் இதற்கு நேர் எதிர்: டென்வருக்கு அருகே 5,800 அடி உயரத்தில் இருந்த பாண்டிமியர் டிராக்கில், 2023-இல் அது மூடப்படும் வரை, கடல்மட்டத்தில் 14 ஓடும் சாதாரண கார்கள் 15-க்குப் போய்விடும். வெப்பநிலை, காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் சீட்டின் பின்பக்கமே எழுதி வையுங்கள்.

ஐந்தாம் சீட்டு: 60 அடி 2.13. அருமை. 330 அடி 6.10. ஆனால் 660 அடி 9.83, வேகம் 71. முடிவு 15.02. அடி நன்றாக, நடு சொதப்பல். 330-இலிருந்து 660 வரை 3.73 நொடி, வர வேண்டியது 3.26-ஐ ஒட்டி. அரை நொடி எங்கே போயிற்று? இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியர் 66 மைலில், ஏறக்குறைய 500 அடியில் விழுகிறது. சரியாக அந்த இடைவெளிக்குள். கியர் உள்ளே போகாமல் கரகரத்ததை டிரைவரும் சொல்கிறார்.

உடனே கியர்பாக்ஸைப் பழிசொல்ல வேண்டாம். டி-5-இல் மூன்றாவது கியர் பல் பலவீனம் என்பது உண்மை, ஆனால் பல் போனால் ஒவ்வொரு முறையும் சத்தம் வரும். 5,200-இல் மட்டும் கரகரக்கிறது, ஊருக்குள் ஓட்டும்போது வெண்ணெய் போல் விழுகிறது என்றால், கிளட்ச் முழுசாக விடவில்லை. இந்தக் காரின் கிளட்ச் பெடல் மேலே தானே சரிசெய்துகொள்ளும் பிளாஸ்டிக் பல்சக்கரத் துண்டு ஒன்று இருக்கிறது. பலமான பிரஷர் பிளேட்டோடு அதன் பல்கள் தேய்ந்து தாவும், கேபிள் தளரும், பெடல் தரையைத் தொட்டாலும் கிளட்ச் ஒரு நூல் ஒட்டிக்கொண்டே இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கவிழ்த்து டார்ச் அடித்தால் தேய்ந்த பல்கள் வெள்ளையாகத் தெரியும்.

தீர்வு அலுமினியத் துண்டும், இன்ஜின் பக்கச் சுவரில் மாட்டும் திருகு சரிசெய்வானும். அரைச்சுற்று அரைச்சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் பெடலை மிதித்துப் பாருங்கள். அதிகமாக இறுக்கினால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். அப்போது மூன்றாவதில் ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. அது கிளட்ச் வழுக்குவது, எதிர்ப்பக்கத் தவறு. கேபிள் சைலன்சர் குழாயைத் தொடாமல் போகிறதா என்பதையும் பாருங்கள். உறை உருகிய கேபிள் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும்.

கியர்பாக்ஸ் எண்ணெயும் ஒரு கண். இந்த டி-5-க்கு ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்தான், சுமார் 2.65 லிட்டர். கெட்டியான கியர் ஆயில் ஊற்றியவர்களுக்குக் குளிரில் மூன்றாவது விழாமல் முரண்டு பிடிக்கும்.

ஆறாம் சீட்டு: 60 அடி 2.10, 330 அடி 6.05, 660 அடி 9.31, வேகம் 75.9. கால் மைல் 14.46, 95.2 மைல். கணக்கில் வந்த 14.33-க்கு 0.13 பின்னால். ரோட்டு டயரில், ஏர் கண்டிஷனரோடும் ஸ்டாக் இன்ஜினோடும், இதற்கு மேல் தேட வேண்டியது டயரைத்தான். டிராக் ரேடியல் போட்டால் 60 அடி 1.9-ஐ எட்டும்; ஆனால் இத்தனை நாள் டயர் வழுக்கியதால் தப்பித்த மூன்றாவது கியர் அன்றைக்குத்தான் முழு அடியையும் வாங்கும். அதற்கு முன் ஷிஃப்டரின் நிறுத்த போல்ட்டுகளைச் சரிவைத்து, கை வேகத்தில் உள்ளே ஷிஃப்ட் ஃபோர்க் வளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் டிராக் ஓடுகிறவர்களுக்கும் சீட்டு இதே மொழியில்தான் பேசும். முன் சக்கரம் இழுக்கும் சின்னக் காரில் மட்டும் புறப்பாட்டுக் கணக்கு தலைகீழ்: கார் கிளம்பும்போது பாரம் பின்னே போய்விடும், அதனால் காற்றை இறக்குவது முன் டயரில், பின் ஸ்பிரிங் விறைப்பாக. ஈ.சி.ஆர்., ஓ.எம்.ஆர். போன்ற சாலைகளில் இதைச் செய்து பார்க்கவே கூடாது. அங்கே குறுக்கே வருவது யாரோ ஒருவரின் பிள்ளை.

வீட்டுக்குக் கிளம்பும் முன்

பின் டயரைத் திரும்ப 32-க்கு ஏற்றுங்கள். 26-இல் நெடுஞ்சாலை ஓடினால் பக்கச்சுவர் சூடேறும். காற்றுப் பையை இறக்குங்கள். வீல் நட் இறுக்கம் மறுபடி. பானெட்டுக்கு அடியில், டிஃபரன்ஷியல் மூடியின் கீழ், கியர்பாக்ஸ் வாலில், புது எண்ணெய்க்கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின் பிரேக் டிரம் உட்புறம் ஈரமாக இருந்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது, அப்படியே ஓட்டக் கூடாது. ஸ்டெப்னியை டிக்கியில் திரும்ப வையுங்கள். அடுத்த வாரம் கியர்பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் வெள்ளைத் தட்டில் வடித்துப் பார்த்தால், மினுமினுக்கும் மெல்லிய தூள் சாதாரணத் தேய்மானம். நகம் அளவு இரும்புச் சில்லு ஒன்று தட்டில் விழுந்தால், மூன்றாவது கியர் பல்லைத் தேடி கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான்.